அத்மானின் பெட்டி

மொம்பாசா துறைமுகத்தின் சரக்கு வாசல் இரண்டு மணிக்கு மூடும். பன்னிரண்டேகாலுக்கு முவானைஷாவின் திரையில் ஒரே வரி: சான்றிதழ் இல்லை.

சுங்கத்துக்குப் போகும் தாள்களில் முதலாளியின் சான்றிதழை வைத்து மின் கையெழுத்துப் போடும் நிரல் அவள் எழுதியதுதான். காலையில் மின்சாரம் போய் வந்ததில் அலுவலகக் கணினி அணைந்து எழுந்திருந்தது. நான்கு மாதமாக முதலாளி அத்மான் பெயரிலேயே திறந்து கிடந்த கணினி. "என் கையெழுத்து, என் பேரு, எவனும் அணைக்கக் கூடாது" என்பது அவர் சட்டம். மின்சாரத்துக்குச் சட்டம் ஏது? அவரோ ஜித்தா விமானத்தில், மேகத்துக்கு மேலே.

"நேத்து இருந்த சர்டிபிகேட்டை எலியா தின்னுச்சு?" மஹம்ரி ரொட்டியைப் பிய்த்தபடி கேட்டாள் காட்ஸோ அம்மா. வெளியே கன்டெய்னர் லாரியில் கப்பலுக்குக் காத்து நின்ற மாம்பழம் அவளுடையது.

"எங்கேயும் போகலைம்மா. விண்டோஸ் ஆளுக்கொரு பெட்டி வச்சிருக்கு. என் புரோகிராம் விண்டோஸைத்தான் கேக்கும். அது யாரு உக்காந்திருக்காங்களோ அவங்க பெட்டியைத் தொறக்கும். இப்ப என் பேர்ல உக்காந்திருக்கேன், என் பெட்டி காலி. சர்டிபிகேட் முதலாளி பெட்டியில."

"அப்ப அவரு பேர்ல உக்காரு."

"பாஸ்வேர்டு தெரியாதே."

"இந்தக் கம்ப்யூட்டருக்கே நீதானே ராணி? பூட்டை மாத்துடி!"

வியாபாரி சொல்லும் யோசனை காதுக்கு எப்போதும் இனிக்கும். நிர்வாகி உரிமை முவானைஷாவிடம் இருந்தது. அத்மானின் கடவுச்சொல்லை அழித்துப் புதிதாக ஒன்று வைத்து, அவர் பெயரில் உள்ளே போனாள். சான்றிதழ் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றது.

"பாத்தியா! இதுக்கா படிச்சே?" என்றாள் காட்ஸோ அம்மா.

முவானைஷா நிரலைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். சாவியைத் திறக்க முடியவில்லை என்றது. மறுபடியும் அதே பதில். அப்போதுதான் முவானைஷாவுக்கு உறைத்தது. கையெழுத்துச் சாவியை விண்டோஸ் பழைய கடவுச்சொல்லை வைத்தே பூட்டியிருந்தது. வெளியாள் கடவுச்சொல்லை மாற்றினால் விண்டோஸுக்கு அவன் திருடன்தான். பெட்டியைக் காட்டும், பூட்டை அசைக்காது.

"நகல் இருக்குமே?"

"யாரும் நகல் எடுக்க முடியாதபடி வைன்னாரு. நான்தான் வச்சேன்."

சான்றிதழ் தரும் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். "புதுசுக்கு மூணு நாளாகும் தங்கச்சி. முதலாளியை நேர்ல வரச் சொல்லுங்க." அத்மானின் போனோ அணைந்தே கிடந்தது.

இரண்டே காலுக்கு காட்ஸோ அம்மா, உள்ளூரிலாவது விற்கலாம் என்று கொங்கோவேயா சந்தையின் மொத்த வியாபாரிக்குப் போன் போட்டாள். இருபது டன் என்று தொடங்கியவளை மறுமுனை முடிக்க விடவில்லை.

"வாசல் மூடிட்டாங்களா அக்கா? அப்ப வெலையை நீ சொல்லாதே, நான் சொல்றேன்."