தலை மட்டும் வேறு

கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் கன்னியம்மா. வேட்டிக் கரையிலிருந்து கிழித்த துணி. முடிச்சு நிற்கவில்லை. வலது கால் விரல் எப்போதும் வெளிப்பக்கம் திரும்பியே இருக்கும். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். இப்போதும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினாள்.

தாடைக்கட்டை எதிர்வீட்டு மங்கம்மா கட்டி முடித்திருந்தாள். காசிமேட்டில் அந்தத் தெருவில் எந்தச் சாவு விழுந்தாலும் தாடை கட்டுகிற வேலை அவளுடையதுதான். மோவாயிலிருந்து உச்சந்தலைக்கு ஒரு வெள்ளைத் துணி, நெற்றியில் ஒரு காசு. அதற்கு நடுவில் கோதண்டத்தின் முகத்தில் மூக்கும் மூடிய கண்களும் மட்டும் மிச்சம் இருந்தன. நெஞ்சில் சளி கட்டி, இழுத்துக் கிடந்து, விடியும்போது அடங்கிவிட்டான்.

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் கன்னியம்மாவையே பார்த்தார்கள். அவள் அழுதால்தான் அவர்களும் சேர்ந்து அழ முடியும். அவளுக்கு வரவில்லை. எழுந்து போய் வாசலில் நின்ற தம்பி ரகுபதியைக் கூப்பிட்டாள்.

"பட வாத்தியார் மாடிக்குப் போயி மாமா படத்தை எல்லாம் வாங்கியா."

ரகுபதி போட்டோக்காரனையே கூட்டி வருவதாகச் சொன்னான். தங்கசாலைத் தெருவில் ஒருவன் இருக்கிறான், செத்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்து எடுக்கிறான் என்றான்.

"செத்த மூஞ்சி எதுக்குடா? உசுரோட கீற மூஞ்சி அங்க கீது. கிஷ்டப்பனுக்கு அதான் வோணும்."

கிருஷ்ணப்பன் அவர்களுக்கு ஒரே பிள்ளை. மீசை அரும்புகிற வயதில் கப்பலேறி ரங்கூனுக்குப் போனவன். அங்கே அரிசி மில்லில் வேலை. தந்தி போயிருந்தது. கப்பல் பிடித்து அவன் வந்து சேரும்வரை உடம்பு தாங்காது என்று எல்லோருக்கும் தெரியும். போன வருசம் எழுதிய கடுதாசியில் ஒரு வரி எழுதியிருந்தான்: நைனா குரல் ஞாபகம் இருக்கிறது, முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்துபோகிறது, ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அதைப் படித்துக் காட்டியபோது கோதண்டம் சிரித்தான். போட்டோவுக்கு எதற்குச் செலவு, மாடியில் கூடை கூடையாகத் தன் படம் இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கோதண்டம் அந்த மாடிக்குப் போனது இப்படித்தான். கட்டுமரம் கவிழ்ந்து இடுப்பில் அடிபட்ட பிறகு வலை இழுக்க முடியாமல் வீட்டில் கிடந்தான். ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கின் மாடியில் அருள்பிரகாசம் வாத்தியார் சாயங்காலங்களில் சித்திரம் சொல்லிக்கொடுத்தார். படிக்க வந்தவர்கள் எல்லோரும் ரயில் பட்டறையிலும் அச்சாபீசிலும் வேலை பார்க்கும் பெரிய ஆட்கள். பார்த்து வரைய அவர்களுக்கு ஒரு மனித உடம்பு தேவைப்பட்டது. கோதண்டம் போய் நின்றான். கோவணத்தோடு, கையைத் தூக்கிக்கொண்டு, ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்கவேண்டும். தெருவில் இதற்குச் சிரிக்காத ஆள் இல்லை. உன் புருசன் நின்னே சோறு துன்றான் என்று மங்கம்மா தண்ணீர்க் குழாயடியில் வைத்தே சொன்னாள்.

அவனுக்கு அதில் கூச்சம் கொஞ்ச நாள்தான் இருந்தது. பிறகு பெருமை வந்துவிட்டது. கற்றுக்கொள்கிறவர்கள் முதல் வருசம் படத்தைப் பார்த்துப் படம் போடவேண்டும், அடுத்தது சுண்ணாம்பில் வார்த்த சிலைத் தலையைப் பார்த்துப் போடவேண்டும், அதற்கப்புறம்தான் மனுசன், நான் மூணாங் கிளாஸ் பாடம் என்பான். சீமையிலிருந்து வந்த அச்சுப் படங்களைச் சுவரில் மாட்டி, அதில் இருப்பவன் மாதிரியே இவனை நிறுத்துவார்கள். போட்டவர்கள் செத்து நானூறு வருசமாம். அந்தப் பெரியவர்களின் கை எப்படி ஓடியது என்று இவர்கள் இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். சோறு போட்டு வைத்திருக்கும்போது எழுந்து நின்று, தூணில் கட்டிப்போட்ட சாமியார் ஒருவர் மாதிரி தலையைச் சாய்த்துக் காட்டுவான். குழம்பு ஆறிப்போகும் என்று கன்னியம்மா கத்துவாள்.

ரகுபதி திரும்பி வந்தபோது கூடவே ஞானம் வந்தான். ரயில் பட்டறையில் படம் கீறுகிற வேலை, முப்பது வயதிருக்கும், மூன்று வருசமாக அந்த மாடிக்கு வருகிறவன். கக்கத்தில் ஒரு பெரிய சுருள். மாலையைப் போட்டுவிட்டுச் சற்று நேரம் நின்றான். பிறகு கன்னியம்மா காட்டிய இடத்தில் பாயைத் தள்ளிவிட்டு, தரையில் தாள்களை விரித்தான்.

பெண்கள் நெருங்கி வந்தார்கள்.

முதல் தாளில் ஓர் ஆள் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். விலா எலும்பு, தொப்புள், வெளியே திரும்பிய கட்டைவிரல் எல்லாம் கோதண்டம்தான். கழுத்துக்கு மேலே வேறு யாரோ. சுருட்டை முடி. நெற்றியிலிருந்து நேராக இறங்குகிற மூக்கு. சின்ன வாய்.

"எவன்டீ இவன்?" என்றாள் மங்கம்மா. "கோதண்டம் ஒடம்புல ஏறிக் குந்திகினு கீறான்."

ஒருத்தி சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது தாளில் தாடி வைத்த கிழவன். மூன்றாவதில் மறுபடியும் சுருட்டை முடிக்காரன். அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கன்னியம்மா ஒவ்வொன்றாகப் புரட்டினாள். தோளைத் தெரிந்தது. முழங்காலைத் தெரிந்தது. ஒரு தாளில் இடுப்புத் தழும்பைக்கூட விடாமல் போட்டிருந்தார்கள்.

"அது மூஞ்சி எதுல கீது தம்பி?"

ஞானம் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எதுலயும் இல்லக்கா. ஒடம்பை உயிரோட இருக்கறவன் கிட்டருந்து எடு, தலையைப் பெரியவங்க கிட்டருந்து எடுன்னுவாரு வாத்தியார். அவங்க கண்டுபுடிச்ச தலைக்கு மேல தலை கிடையாதாம். நாங்க எல்லாருமே கழுத்தோட நிறுத்திட்டு, சுண்ணாம்புத் தலை பக்கம் திரும்பிடுவோம்."

அவள் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஓரம் பார்த்து அடுக்கினாள்.

ஞானம்தான் கேட்டான். எடுப்பதற்கு இன்னும் நேரம் இருக்கிறதா, இப்போது முகத்தைப் போட்டுப் பார்க்கட்டுமா என்று. வெயில் தாழ்ந்ததும் எடுப்பதாகப் பேச்சு. கன்னியம்மா தலையாட்டினாள். அவன் சட்டைப் பையிலிருந்து கரித்துண்டை எடுத்தான். ஒரு பலகையை மடியில் வைத்து, தாளை ஊசியால் குத்தி, முகத்தைப் பார்த்தான். தாடைக்கட்டும் காசும் இருந்தால் முக அமைப்பு தெரியாது என்றான்.

"கட்டை அவுத்தா வாயி தொறந்துக்கும்" என்றாள் மங்கம்மா.

கன்னியம்மா தலைமாட்டில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். காசை எடுத்து விளக்குப் பக்கத்தில் வைத்தாள். வாய் திறக்குமுன் உள்ளங்கையை மோவாய்க்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். சில்லென்று இருந்தது. சவரம் செய்யாத மயிர் கையில் குத்தியது.

ஞானம் கரித்துண்டை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளந்தான்.

"சாவு வூட்ல கண்ணடிக்கிறான் பாரு" என்று மங்கம்மா பக்கத்திலிருந்தவளிடம் மெல்லச் சொன்னாள். ஞானத்தின் காது சிவந்தது. ஆனாலும் அளப்பதை நிறுத்தவில்லை. நெற்றி ஒரு பங்கு, மூக்கு ஒரு பங்கு, மோவாய் ஒரு பங்கு. கரி தாளில் உரசுகிற சத்தம் கேட்டது. இரண்டுமுறை மூக்கைப் போட்டு, இரண்டுமுறையும் விரலால் அழித்தான். தனக்குத் தெரியாமலே அது நேராக இறங்கிவிடுகிறது என்றான். கோதண்டத்தின் மூக்கு நடுவில் லேசாக மேடு தட்டியது.

கொஞ்சம் கழித்துக் கேட்டான். "கண்ணைத் திறந்து போட்டாத்தான் பையனுக்கு அடையாளம் தெரியும். பாக்கும்போது எப்படிப் பாப்பாருக்கா? இமை மேலே ஏறி இருக்குமா, பாதி மூடினாப்ல இருக்குமா?"

கன்னியம்மா யோசித்தாள்.

கல்யாணத்தன்று மாலை போடும்போது தலையைக் குனிந்திருந்தாள். அதற்குப் பிறகு, சந்தைக்குப் போனால் அவன் முன்னால் போவான், இவள் கூடையோடு பின்னால் போவாள். கரையில் மரத்தைத் தள்ளிவிட்டு ஏறினால் கடலைப் பார்த்துத்தான் உட்காருவான். இவள் மணலில் நிற்பாள். வீட்டில் வாசலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவான். இவள் பின்னாலிருந்து குழம்பு ஊற்றுவாள். சண்டையும் அப்படியேதான். பேச்செல்லாம் அவன் பிடரியோடுதான். முகத்தை நேருக்கு நேர் இவ்வளவு நேரம் அவள் பார்த்ததே இன்றைக்குத்தான். பார்க்கப் பார்க்க அது இன்னும் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

"தெர்லபா" என்றாள்.

ஞானம் கண்களை மூடியபடியே போட்டான்.

அதற்குள் வாசலில் மேளம் வந்துவிட்டது. ஆண்கள் தண்ணீர்க் குடங்களோடு உள்ளே வந்தார்கள். கன்னியம்மாவின் கை மரத்துப்போயிருந்தது; மோவாயிலிருந்து எடுக்கும்போது தன் கை மாதிரியே இல்லை. ஞானம் தாளைத் திருப்பிக் காட்டினான். தூங்குகிற ஓர் ஆள், நல்ல ஆள். பெண்கள் எட்டிப் பார்த்து, கீது, கீது, சாடை கீது என்றார்கள். அவர்கள் சொன்ன விதத்திலேயே இல்லை என்று தெரிந்தது. ஞானத்துக்கும் தெரிந்தது. அவன் அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, உடம்பைத் தூக்குகிறவர்களோடு போய் ஒரு பக்கம் தோள் கொடுத்தான்.

குளிப்பாட்டினார்கள், கோடி போட்டார்கள், எடுத்தார்கள். பெண்கள் தெருமுனைவரை போய்த் திரும்பினார்கள். கன்னியம்மா வீட்டைக் கழுவிவிட்டாள். தண்ணீர் படாமலிருக்கத் தாள்களைப் பரண்மேல் தூக்கி வைத்தாள். அப்போதும் அழுகை வரவில்லை. ராத்திரி மங்கம்மா கொண்டுவந்த கஞ்சியைக் குடித்தாள். உப்பில்லை என்று தெரிந்தது, கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் பாலூற்றிவிட்டு வந்த பிறகு, சுருளை வாங்கிப்போக ஞானம் வந்தான். அவள் பரணிலிருந்து இறக்கிச் சுருட்டும்போது, பெரிய தாள்களுக்கு இடையிலிருந்து சின்னத் தாள் ஒன்று நழுவி விழுந்தது. ஓரம் கிழிந்த தாள். அதில் ஓர் ஆள் முக்காலியில் உட்கார்ந்திருந்தான், முதுகைக் காட்டிக்கொண்டு. முதுகெலும்பு இடுப்பருகில் வளைந்து போயிற்று. காது இரண்டும் கொஞ்சம் விலகி நின்றன. பிடரியில் முடி இரண்டு சுழியாக இறங்கியிருந்தது.

கன்னியம்மா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது?"

"அது பாடத்துல சேர்த்தி இல்லக்கா. ஒருநாள் லேட்டா போனேன், பின்னாடிதான் எடம் கெடைச்சுது. சுண்ணாம்புத் தலைங்க செவுரோட ஒட்டி இருக்கும், பின்பக்கம் கிடையாது. பாத்துப் போட ஒண்ணுமில்ல. அதனால அவரையே பாத்துப் போட்டேன். வாத்தியார் திருத்தக்கூட இல்ல."

அவள் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஞானமும் கேட்கவில்லை. மற்றதைச் சுருட்டிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

அரிசிக் கஞ்சியைத் தடவி, விளக்கு மாடத்துக்கு மேலே சுவரில் ஒட்டினாள். கருமாதிக்குச் சாமான் எழுத வந்த ரகுபதி பார்த்துவிட்டு வாயைத் திறந்தான், அக்காவைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். மங்கம்மா மூடவில்லை.

"இன்னா கன்னிமா இது, செவுத்தைப் பாத்துகினு குந்திகினு கீறான். திருப்பிப் போடு."

"திருப்பினா வெறுந் தாளு."

மங்கம்மா வாசலில் கிடந்த பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போய்த் தேய்த்தாள்.

கருமாதிக்கு முந்தின நாள் கிருஷ்ணப்பன் வந்தான். தகரப்பெட்டியை வாசற்படியில் வைத்துவிட்டுக் குனிந்து உள்ளே நுழைந்தான். உயரமாகிவிட்டிருந்தான். அம்மாவைக் கட்டிக்கொள்வானா காலில் விழுவானா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் இரண்டும் செய்யாமல் நடுவில் நின்றான். வழியில் காற்று மோசம், கப்பல் தாமதம் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான். கன்னியம்மா தண்ணீர் கொடுத்தாள். குடித்துக்கொண்டே நிமிர்ந்தவன் விளக்குக்கு மேலே இருந்த படத்தைப் பார்த்துச் செம்பைக் கீழே இறக்கினான்.

அது யார் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

"நைனா எங்கம்மா பாத்துகினு கீது?" என்று கேட்டான்.

கன்னியம்மா அவன் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டாள்.

மங்கம்மா கிண்ணத்தில் சந்தனத்தை நீர்க்கக் கரைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை வந்தாச்சு, படத்துக்கு அவன்தான் பொட்டு வைக்கணும் என்றாள். கிருஷ்ணப்பன் மோதிரவிரலில் சந்தனத்தைத் தொட்டு எடுத்துக்கொண்டு சுவரருகே போனான். கை உயர்ந்தது. பிடரிக்கு நேராக வந்து நின்றது. கொஞ்சம் மேலே போயிற்று, கொஞ்சம் கீழே வந்தது. சந்தனம் விரலிலிருந்து இறங்கி உள்ளங்கைக்கு ஓடி, மணிக்கட்டில் போய்த் தேங்கியது. அவன் கையை இறக்கவில்லை.