எட்டரை மணி நாற்காலி

துணிக்கடையில் அளவெடுப்பவள் குறைத்த எடை எங்கும் போய்விடவில்லை. அது அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து, அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

தொடக்கம் கணவனின் ஒரு பேச்சு. கடை வாசலில் அவளை ஸ்கூட்டரில் ஏற்றும்போது, உடன் வேலை செய்யும் பெண்கள் காதில் விழும்படி, "பின் டயர் பாவம்டி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுநாள் உணவு ஆலோசகரைப் போய்ப் பார்த்தாள். மாலை ஆறு மணிக்குள் கடைசிச் சாப்பாடு. நடுவில் பசித்தால் வெள்ளரிக்காய், கேரட், வறுத்த கடலை ஒரு பிடி. அதற்கும் மேல் பசித்தால் தண்ணீர். பலர் இதை ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. இவள் தாங்கினாள். கடையில் யாருக்காவது கேக் வெட்டினால், தன் துண்டைப் பக்கத்துப் பெண்ணிடம் தள்ளிவிட்டு, உடை போட்டுப் பார்க்கும் அறைக்குள் நின்று கேரட்டைக் கடித்தாள். வீட்டில் அடுப்பு மேடையருகே நின்றபடியே சாப்பிட்டு, கணவனுக்கும் மகளுக்கும் சமைத்து மூடிவைத்துவிட்டு, வாசனை எட்டாத பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். அவர்கள் எட்டரைக்குச் சாப்பிட்டார்கள்.

முதலில் அவளுடைய நாற்காலியின் மெத்தை அழுந்தியிருந்தது, அவ்வளவுதான். மழைக்காலத்தில் அதன்மேல் ஒரு மடி தெரிந்தது. பிறகு கைகள், கடைசியாக மோவாய்க்குக் கீழிருந்த இன்னொரு மோவாய். அளவெடுப்பவள் பாதியானபோது மற்றவள் முழுசாகியிருந்தாள். கணக்கு உதைத்தது, யாரும் கேட்கவில்லை. பீரோவில் தொளதொளத்துக் கிடந்த பழைய உடைகள் மற்றவளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியதால் துணியும் வீணாகவில்லை.

அளவெடுப்பவள் இதைக் கணவனிடம் கேட்டாள். அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீதான் ஆறு மணிக்கே வெள்ளரிக்காயத் தின்னுட்டுப் படுத்துடறியே. சாப்பிடறப்போ பேச்சுத் துணைக்கு ஆள் வேணாமா?"

"அது யாருன்னு தெரியுதா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? பதினஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன்."

ஆலோசகரிடம் ஓடினாள். அவர் எடை காட்டும் முள்ளைப் பார்த்துவிட்டு, "குறையுதுல்ல? அப்புறம் என்னம்மா?" என்று அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மகள் பள்ளிக்கூடத்துக் கதைகளை எட்டரைக்குத்தான் சொல்லுவாள். சாத்திய கதவுக்கு அப்பாலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். அளவெடுப்பவளுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். டயர் பேச்சுக்கு முந்தி இவள் சிரித்தது அப்படித்தான்.

ஒரு நாள் ஆறு மணிச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு, எட்டரைக்கு மேசைக்கு வந்தாள். நாற்காலிகள் மூன்றே. மூன்றிலும் ஆள் இருந்தது. மகள் எழுந்து, உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துக் கேட்டாள்: "அம்மா, அவங்களுக்கு ஸ்டூல் எடுத்துட்டு வரவா?"

ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து வெண்ணெய், கேக், ஐஸ்கிரீம் என்று கண்டதையும் தின்றாள். இழந்ததைத் திரும்பச் சேர்த்துவிட்டால் நாற்காலியும் திரும்பிவிடும் என்று நினைத்தாள். ஆனால் வழி ஏற்கனவே விழுந்துவிட்டிருந்தது. இவள் விழுங்கிய ஒவ்வொரு வாயும் அங்கே போய்ச் சேர்ந்தது. இவள் கன்னம் ஒட்டியது, அவள் கன்னம் பளபளத்தது. கடைப் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். "என்ன தின்னாலும் உடம்புல ஒட்ட மாட்டேங்குது. குடுத்து வச்சவங்கக்கா நீங்க."

கணவன் ஸ்கூட்டருக்குத் தடித்த பின் டயர் ஒன்று வாங்கிப் போட்டான். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவள் பின்னால் உட்கார்ந்து போனாள்.

ஒரு விடுமுறை மதியம் அவள் அளவெடுப்பவளின் அறை வாசலில் வந்து நின்றாள். உடையின் தையல் அக்குளில் விட்டிருந்தது. அளவெடுப்பவள் பழக்கத்தில் டேப்பை எடுத்தாள். அவளும் வாடிக்கையாளர்களைப் போலக் கைகளைத் தூக்கிக் காட்டினாள். அந்த உடம்பில் எங்கே மச்சம், எங்கே தையல் போட்ட தழும்பு என்று இவளுக்குப் பார்க்காமலே தெரியும். தொட்டால் சூடாக இருந்தது. இவள் விரல்கள்தான் சில்லிட்டிருந்தன.

"இடுப்பு கொஞ்சம் தளர்த்தணுமா?"

"ஆமா. உக்காந்தா பிடிக்குது."

அன்று மாலையே தையலைப் பிரித்துத் தளர்த்திக் கொடுத்தாள்.

இப்போது அளவெடுப்பவள் மறுபடியும் ஆறு மணிக்கே சாப்பிட்டுவிடுகிறாள். ஸ்டூலில் செடித்தொட்டி இருக்கிறது. மேடையருகே நின்று வெள்ளரிக்காய் நறுக்கும்போது, எட்டரைக்கு என்ன சமைக்கலாம் என்று பார்க்க மற்றவள் உள்ளே வருவாள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டே, "சாப்ட்டியா?" என்பாள். அந்த வீட்டில் இவளை அப்படிக் கேட்கும் ஆள் அவள் ஒருத்திதான்.

"ஆச்சு" என்று சொல்லிவிட்டு, அளவெடுப்பவள் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.