ஆரல்வாய்மொழி வரை

குழித்துறையிலிருந்து சைக்கிளில் கிளம்பி வடக்கே போவது, கால் ஓய்கிற இடத்தில் நிற்பது, இருட்டுகிற இடத்தில் கூடாரம் அடிப்பது. இதற்கு மேல் திட்டம் என்று ஒன்றும் கிடையாது. வினோஜுக்கு ஊரா முக்கியம்? நண்பன் ஷிஜின் தன்கூட வரவேண்டும், அவ்வளவுதான். அம்மா இறந்த பிறகு வினோஜின் வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் டிவியில் வருவதுதான். அவன் வேலைசெய்யும் செல்போன் ரிப்பேர் கடையில் நாள் முழுக்க ஆட்கள் வருவார்கள். அவர்கள் பேசுவதெல்லாம் உடைந்த போனைப் பற்றி. கத்தாரிலிருந்து விடுப்பில் வந்திருந்த ஷிஜின், "அதுக்கென்ன, போலாம் மக்கா" என்று சொன்னதும் வினோஜுக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் இரண்டு வாரம் லீவு சொன்னான். கூடாரம், அடுப்பு, போர்வை எல்லாம் வாங்கித் தன் சைக்கிளிலேயே மூட்டை கட்டினான்.

புறப்படும்போது ஷிஜினின் அம்மா குளோரி ஜெபம் பண்ணாமல் விடவில்லை. அந்த வீட்டில் பஸ் ஏறினாலும் ஜெபம் உண்டு. ஒரு கையை மகன் தலையிலும் மறு கையை வினோஜ் தலையிலும் வைத்து, டயர், பிரேக், எதிரே வரும் லாரி டிரைவரின் தூக்கம் என்று ஒன்றையும் விடாமல் கர்த்தரிடம் ஒப்படைத்தாள். "பிள்ளைகள அந்திக்குள்ள சுகமா வீட்டில கொண்டு சேரும் ஆண்டவரே" என்று முடித்தாள். இரண்டு வாரம் போகிறவர்களுக்கு அந்திக்குள்ளா என்று வினோஜுக்குச் சிரிப்பு வந்தது. பழக்கத்தில் சொல்கிறாள் என்று அவனும் ஆமென் சொன்னான்.

நாகர்கோவில் நெரிசலுக்குப் பயந்து பூதப்பாண்டி வழியாகச் சுற்றினார்கள். ஷிஜின் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, மனைவி ஜெப்சியிடம் பேசியபடியே மிதித்தான். வினோஜ் சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் அப்படியே கிடந்தது. ராத்திரி கூடாரத்தில் படுத்துக்கொண்டு பேசலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

ஆரல்வாய்மொழியில் ஆடிக்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது, மிதிக்கவே வேண்டாம். அங்கே வினோஜின் பின்சக்கரம் பஞ்சர். ஷிஜின் போனோடு ஒதுங்கி நின்றான். பம்பு அவன் பையில்தான் இருந்தது. வினோஜ் திறந்து பார்த்தான். பம்பு, ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், கொஞ்சம் சிப்ஸ். மாற்றுத்துணி ஒன்றுகூட இல்லை.

"உனக்க துணியெல்லாம் எங்கலே?"

ஷிஜின் போனை வைத்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

"மக்கா, கோவப்படாத. ஜெப்சிகிட்ட அந்திக்கு வந்துருவேன்னு சொல்லியாக்கும் வந்தேன். அம்மதான், 'அவன் ஒத்தைக்கு கெடக்கான், ஒரு நாளு கூடப் போயிட்டு வாலே'ன்னா. நீ ரெண்டு வாரம் லீவு நெசமாட்டே எடுத்துக்கிடுவன்னு நான் நெனைக்கல."

"பின்ன எப்பச் சொல்லலாம்னு இருந்த?"

"இங்க வந்து சொல்லலாம்னு."

காலையில் குளோரி கேட்டது பழக்கத்தில் இல்லை, தெரிந்துதான். வினோஜுக்குக் கோபமாவது வந்திருக்கலாம். வந்தது வெட்கம். இவன் கூடாரம் வாங்கிக்கொண்டிருந்தபோது அங்கே சாப்பாட்டு மேசையில் இவனைப் பாவம் என்று பேசியிருக்கிறார்கள்.

எதிர்காற்றில் மிதித்துத் திரும்புவது நடக்கிற காரியம் இல்லை. நாகர்கோவில் பக்கம் போன காலி டெம்போ ஒன்றை ஷிஜின் கைகாட்டி நிறுத்தினான். "ரெண்டு சைக்கிளும் ஏறும். வாலே."

"நீ போ. எனக்கு லீவு கெடக்கு."

இன்னும் இரண்டு தடவையாவது கூப்பிடுவான் என்று வினோஜ் நினைத்தான். ஷிஜின் பம்பை அவனிடமே விட்டுவிட்டு ஏறிக்கொண்டான்.

வினோஜ் பஞ்சரை ஒட்டிச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தான். எங்கே போவது என்று யோசிக்கவில்லை, காற்று கொண்டுபோனது. காற்றாலைகளுக்கு நடுவே ஒரு டீக்கடை. கடைக்காரர் ராஜையன் மூட்டைகளைப் பார்த்துவிட்டு, "எங்க, ஒத்தைக்கா?" என்றார்.

"இல்ல, கூட்டாளி பின்னால வாறான்." வாயில் அப்படித்தான் வந்தது.

"அப்ப இரி. அவனும் வரட்டு, சேத்துச் சூடாப் போட்டுத் தாறேன்." பெஞ்சைத் துடைத்தும் கொடுத்தார். நல்ல மனுஷன். வினோஜால் டீ கேட்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. யார் யாரோ வந்து குடித்துவிட்டுப் போனார்கள். வெயில் சாய்ந்தது. சொன்னது பொய் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். அதற்கு வாய் வரவில்லை.

"காத்து இந்தத் தள்ளு தள்ளுது, உனக்க கூட்டாளிய இன்னும் காணலியே?" ராஜையன் வெளியே வந்து, கண்ணுக்கு மேல் கைவைத்து மேற்கே பார்த்தார்.

வினோஜும் எழுந்து அவர் பக்கத்தில் நின்று பார்த்தான்.