வாசலில் புழுக்கை

காலை ஏழு மணிக்கு சும்பி என்ற லாமாக் கடா, வீட்டு வாசலில் புழுக்கை போட்டது.

ஃபிதேலியா கூடையில் அள்ளினாள். மலை ஒட்டக இனமான லாமாக்கள் கண்ட இடத்தில் போடுவதில்லை. மந்தைக்கு ஒரே குவியல், பட்டிக்குப் பின்னால். சும்பிக்கு மட்டும் வாசல்.

பிறந்த மூன்றாம் நாள் தாயை இழந்த குட்டி. அடுப்படியில் வைத்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். இப்போது மூன்று வயது. மனிதர்களைத் தன் இனம் என்று நினைக்கிறது. கடாக்கள் ஒன்றோடொன்று மோதுவதுபோல் அவர்களோடு மோதுகிறது. போன மாதம் பக்கத்து வீட்டு அன்செல்மாவை நெஞ்சால் முட்டியதில் அவள் தோள்பட்டை விலகிவிட்டது. காயடித்தும் பார்த்தார்கள். குறையவில்லை.

"சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன்," என்று சொல்லியிருந்தான் கணவன் கசியானோ. "மந்தையோட சேரலேன்னா உப்புக்கண்டம்தான்."

இன்று சனிக்கிழமை. உப்பு மூட்டை கதவருகே இருந்தது.

மந்தையை நாடட்டும் என்று பத்து நாளாக அவள் சும்பியைத் தொடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அது முகத்தருகே மூக்கை நீட்டினால் முதுகைக் காட்டினாள். அது முனகும். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்துவாள்.

அன்செல்மா கையைத் துணியில் தொங்கவிட்டபடி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"என்னடி, உன் மூத்த பிள்ளை இன்னும் வாசலை விடலையா?"

"கை எப்படிக்கா இருக்கு?"

"சட்டி தூக்க முடியல. வாய்க்கு ஒண்ணும் இல்ல."

"அது தெரியுது."

ஒன்பது மணிக்குப் புல்லில் பனி உருகியது. கசியானோ பட்டியைத் திறந்தான். ஃபிதேலியா கூடையை எடுத்துக்கொண்டு பட்டிக்குப் பின்பக்கம் நடந்தாள். சும்பி தொடர்ந்து வந்தது. கூடையை மந்தையின் குவியல்மேல் கவிழ்த்தாள். திரும்பி வந்து, சும்பிக்கு முதுகைக் காட்டி, வீட்டுக் கதவைப் பார்த்தபடி நின்றாள்.

"என்ன செய்யுது?"

"மோந்து பார்க்குது," என்றான் கசியானோ. "மந்தையோட கிழட்டுப் பெட்டை வந்து மூஞ்சியில துப்பிடுச்சு."

"திருப்பித் துப்புச்சா?"

"இல்ல. தலையைத் தாழ்த்திக்கிச்சு. இரு... போடுது. அங்கேயே போடுது!"

அன்செல்மா சிரித்தாள். "ஊர்லயே புழுக்கைக்குக் காத்துக் கிடந்தவ நீ ஒருத்திதான்டி."

மந்தை மேடேறும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

"அதுங்களோடயே போயிடுச்சு," என்றான் கசியானோ. உப்பு மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்தான்.

அவள் இன்னும் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கசியானோ, ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்துச்சா?"