நான்கு மில்லிமீட்டர்

காலை ஒன்பதரைக்கு முதல் கெட்டில் வந்தது. கழுத்தில் ஒரு நசுங்கல். இரண்டாவது கெட்டிலிலும் அதே இடத்தில் அதே நசுங்கல். பன்னிரண்டாவது வந்தபோது ஹாஜி நுஸ்ரத் அதைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜையில் மற்றவற்றோடு வைத்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

தப்ரீஸிலிருந்து தெஹ்ரான் போகும் சாலையில் இருக்கிறது அவருடைய கெட்டில் தொழிற்சாலை. ஐந்து பிரஸ்கள் வரிசையாக நிற்கும். முதலாவதில் வட்டத் தகடாக நுழைவது ஐந்தாவதில் கெட்டிலாக வெளியே வரும். மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு மாற்றும்போது அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். அதற்குத்தான் எங்கள் கிரிப்பர். இரண்டு இரும்புக் கைகள். முதல் கை கெட்டிலை வயிற்றோடு பிடித்து எடுத்துத் திருப்பும். இரண்டாவது கை எதிரிலிருந்து வந்து கழுத்தைப் பிடித்து வாங்கிக்கொள்ளும். கண்ணிமைக்கும் நேரம் இரண்டும் சேர்ந்து பிடித்திருக்க வேண்டும். வாங்கியவன் பிடித்துவிட்டான் என்று தெரிந்த பிறகுதான் கொடுத்தவன் விடவேண்டும். எழுதினால் இவ்வளவுதான். செய்வதற்கு எங்களுக்கு ஏழு மாதம் ஆனது.

ஹாஜியின் நிபந்தனையும் எளிமையானதுதான். நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்குக்குள் ஐந்நூறு கெட்டில், வரிசையாக, விழாமல், நசுங்காமல். இல்லையென்றால் அவர் வெளிநாட்டு மெஷினுக்கே போய்விடுவார். இன்னும் நான்கு வரிசைக்கு அவர் தருவதாகச் சொன்ன வேலையும் அதோடு போகும். அது போனால் எங்கள் பட்டறையில் மூன்று பேருக்கு வேலை இருக்காது. கடைசியாக வந்தவள்தான் முதலில் போகவேண்டும். கடைசியாக வந்தவள் நான். என் பெயர் துர்னா. டிராயிங் போடுகிறேன். இந்த ஊரில் பதினோரு பட்டறைகள் ஏறி இறங்கி, 'பெண்ணுக்கு இங்கே உட்கார இடமில்லையே' என்று பதினோரு விதமாகக் கேட்டுவிட்டு, பன்னிரண்டாவதில் நுழைந்தபோது ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். அதில்தான் பதினான்கு மாதமாக உட்கார்ந்திருக்கிறேன்.

நாற்காலியைத் துடைத்தவர் யாஷார். அதைக் கொண்டுவந்து போட்டவர் ஃபிரூஸ். பட்டறைக்கு இருவரும் பங்காளிகள். யாஷாருக்கு இரும்பு, ஃபிரூஸுக்கு மின்சாரமும் புரோகிராமும். இருவருக்கும் ஒரே வயது, ஆனாலும் ஒருவரை ஒருவர் 'அண்ணே' என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். பத்தொன்பது வருடத்தில் ஒருவர் மற்றவரிடம் 'இல்லை' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் உபசாரம் எல்லாருக்கும் உண்டு, இவர்களுக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது. தட்டில் கடைசிக் கொத்துக்கறி உருண்டை மிஞ்சினால் இரண்டு பேரும் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து, அது ஆறிப்போய், கடைசியில் நான் தின்பேன்.

நசுங்கல் எதனால் என்று எனக்கு மூன்றாவது கெட்டிலிலேயே தெரிந்துவிட்டது. போன வாரம் பட்டறையில் ஓட்டிப் பார்த்தபோது வேறு பிரச்சினை. இரண்டாவது கை கழுத்தை எட்டவில்லை. நுனி விரலால் தொட்டு, பத்துக்கு ஒரு முறை நழுவவிட்டது. நான்கு மில்லிமீட்டர் குறைந்தது. செவ்வாய்க்கிழமை யாஷார் என் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இன்ஜினியரம்மா, விரலை நாலு மில்லிமீட்டர் நீட்டி ஒரு டிராயிங் போட்டுக் குடுங்க. நானே கடைஞ்சுக்கறேன். ஃபிரூஸ் அண்ணன்கிட்ட சொல்லிக்க வேண்டாம்."

புதன்கிழமை யாஷார் கடைசல் மெஷினில் நின்றிருந்த நேரம் பார்த்து ஃபிரூஸ் வந்தார். என்னை எப்போதும் மரியாதையாகக் 'கானும்' என்று சேர்த்துத்தான் கூப்பிடுவார்.

"துர்னா கானும், எட்டாம இருக்கறது சரியா நாலுதானே? கை நாலு மில்லிமீட்டர் கூடுதலா வர்ற மாதிரி புரோகிராம்ல மாத்திடறேன். யாஷார் அண்ணன் காதுக்குப் போக வேண்டாம்."

இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். புரோகிராம் தப்பு என்று யாஷார் நினைக்கிறார், விரல் குட்டை என்று ஃபிரூஸ் நினைக்கிறார், ஒருவர் மனம் நோகாமல் மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று எனக்கு நெகிழ்ச்சியாகக்கூட இருந்தது. நாலும் நாலும் எட்டு என்று கூட்டத் தெரியாதவள் இல்லை நான். மெஷினை ஏற்றுவதற்குள் இருவரும் எப்படியும் பேசிக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒருவர் நம்பிச் சொன்னதை இன்னொருவரிடம் போய் எப்படிச் சொல்வது? உபசாரம் என்னையும் விட்டுவைக்கவில்லை. நீண்ட விரல் நேற்று மாலை இங்கே வந்துதான் பொருத்தப்பட்டது. மாற்றிய புரோகிராம் இன்று காலைதான் ஏறியது. இப்போது இரண்டாவது கை தேவைக்கு மேல் நான்கு மில்லிமீட்டர் வந்து, உள்ளங்கையால் கெட்டிலின் கழுத்தில் ஓர் இடி இடிக்கிறது.

"தப்பு என்னோடது ஹாஜி," என்றார் யாஷார்.

"இல்ல ஹாஜி, அண்ணன் பெருந்தன்மையா பேசறார். தப்பு என்னோடது," என்றார் ஃபிரூஸ்.

"அப்படிச் சொல்லாதீங்கண்ணே. சத்தியமா என்னோடது."

"உங்க காலைத் தொட்டுச் சொல்றேன், என்னோடது."

ஹாஜி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரோடதா வேணா இருக்கட்டும்பா. அரை மணி நேரம் தர்றேன், சரி பண்ணுங்க. நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

இனி வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது. நடுவில் போய் நின்று, செவ்வாய்க்கிழமையையும் புதன்கிழமையையும் கொட்டிவிட்டேன். இருவருக்கும் முகம் சிவந்துபோனது. ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். பிறகு ஒன்றும் பேசாமல் யாஷார் ஸ்பானரை எடுத்தார், ஃபிரூஸ் லேப்டாப்பைத் திறந்தார். நான் பெருமூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

ஹாஜி திரும்பி வந்ததும் மெஷின் ஓடியது. முதல் ஆறு கெட்டில் நசுங்காமல் வந்தன. ஏழாவது நழுவித் தரையில் விழுந்து, உருண்டு, ஹாஜியின் பூட்ஸ்மேல் போய் நின்றது.

இருவருமே தம் திருத்தத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். யாஷார் பழைய விரலைப் பொருத்தியிருந்தார், ஃபிரூஸ் பழைய புரோகிராமை ஏற்றியிருந்தார். விட்டுக்கொடுத்துவிட்ட திருப்தி இருவர் முகத்திலும் அப்படியே இருந்தது, கெட்டில் விழுந்த பிறகும். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மணி பத்தேகால். நிமிடத்துக்கு எட்டு கெட்டில் என்றால், ஐந்நூறுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும்.

யார் பக்கம் தப்பு என்பதை நானே தீர்த்துவிடலாம் என்று பையிலிருந்து மூல டிராயிங்கை எடுத்து விரித்தேன். மேஜையிலிருந்த நசுங்கிய கெட்டில் ஒன்றை எடுத்து, நசுங்காத பக்கமாக வெர்னியரை வைத்துக் கழுத்தை அளந்தேன். டிராயிங்கில் இருந்ததைவிட எட்டு மில்லிமீட்டர் மெலிதாக இருந்தது. பக்கத்துக்கு நாலு.

விரலும் தப்பில்லை, புரோகிராமும் தப்பில்லை. ஏழு மாதத்துக்கு முன் ஹாஜி அனுப்பிய புது மாடல் கெட்டில் வந்து சேர இரண்டு நாள் தாமதமானது. அதே தொழிற்சாலை கெட்டில்தானே என்று, எங்கள் பட்டறையில் தேநீர் கொதிக்கும் கெட்டிலைக் கழுவித் துடைத்து அளந்து டிராயிங் போட்டேன். புதியது வந்த பிறகு திரும்ப அளக்கவில்லை. டிராயிங்கின் மூலையில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் என் பெயர் அழகாக இருந்தது. 'சரிபார்த்தவர்' கட்டத்தில் இருவர் கையெழுத்தும் இருந்தது. யாரும் சரிபார்த்ததில்லை. நான் நிற்கும்போதே என் கணக்கை அளந்து பார்ப்பது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. நீட்டினால் உடனே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், அதுவும் எழுந்து நின்று.

தாளை மடித்துப் பையில் வைத்துவிடலாம். 'நீள விரலைப் போடுங்கள், புரோகிராமைத் தொடாதீர்கள்' என்று மட்டும் சொன்னால் போதும், வேலை நடந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரியவராது. அந்தப் பன்னிரண்டாவது கதவு ஞாபகம் வந்தது; பதின்மூன்றாவதை எங்கே போய்த் தேடுவது? ஆனால், இந்த இரண்டு மனிதர்களும் ஹாஜி முன்னால் செய்யாத தப்புக்குத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"ஹாஜி," என்றேன். குரல் சற்று உயர்ந்தே வந்தது. "தப்பு டிராயிங்ல. அதைப் போட்டது நான். பழைய கெட்டிலை அளந்துட்டேன்."

யாஷார் ஸ்பானரைத் துணியால் துடைத்துக்கொண்டே, "தெரியும்," என்றார்.

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?" என்றார் ஃபிரூஸ். "எனக்கும் செவ்வாய்க்கிழமையே தெரியும்."

"அப்புறம் ஏன் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் சொல்லல?" என்றேன்.

"அண்ணன் முன்னால உங்களைக் கொறச்சுக் காட்டணுமா?" என்றார் யாஷார். ஃபிரூஸும் தலையாட்டினார், அதையேதான் தானும் சொல்ல இருந்தவர்போல. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. துப்பட்டா முனையால் துடைத்துக்கொண்டேன்.

ஹாஜி நெற்றியைத் தேய்த்தார். "உலகத்துல மத்தவங்க சண்டை போட்டுக் கெட்டுப்போவாங்க. நீங்க மூணு பேரும் சண்டை போடாமலே கெட்டுப்போவீங்கபோல. மணி பத்தரை. பாங்குக்கு முன்னாடின்னு சொன்னேன், அதுல மாத்தமில்ல."

யாஷார் நீண்ட விரலைத் தேடி எடுத்தார். பொருத்தப் போனவர் நின்று, ஃபிரூஸ் பக்கம் திரும்பினார். அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"நீங்க அந்த லேப்டாப்பை மூடிட்டுத் தள்ளி நில்லுங்க," என்றார். அண்ணே என்று சேர்க்கவில்லை.

ஃபிரூஸ் ஒரு கணம் விழித்தார். மூடிவிட்டுத் தள்ளி நின்றார். கோபமில்லை, காது மட்டும் சிவந்திருந்தது.

நான் சிவப்பு மையால் பழைய எண்களை அடித்து, புதியவற்றை எழுதி, பக்கத்தில் தேதி போட்டு, தாளை யாஷாரிடம் நீட்டினேன். வழக்கம்போலப் பேனாவை வாங்கிவிட்டார். கட்டத்தின் மேலே கை போய்விட்டது. அங்கேயே நின்றது. பேனாவை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "வெர்னியரைக் குடுங்க," என்றார்.

என் கண் முன்னாலேயே அளந்தார். குனிந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கழுத்தை ஒரு முறை, திருப்பி இன்னொரு முறை, ஃபிரூஸிடம் கொடுத்து அவர் ஒரு முறை. ஹாஜி கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"இந்த ஏழு ஒண்ணு மாதிரி தெரியுது," என்றார் யாஷார், தாளை என் பக்கம் நகர்த்தி. "திரும்ப எழுதுங்க."

நான் குனிந்து, நிதானமாக, இன்னொரு ஏழு எழுதினேன்.