தவசியின் தோள் எலும்பு

விடியுமுன்னே வண்டியூர் அரிசிக் கிட்டங்கியில் லாரி வந்து நின்றது. காளை முண்டாசை இறுக்கிக்கொண்டு முதுகைக் கொடுத்தான். அரிசி மூட்டை பிடரிக்குக் கீழே வந்து உட்கார்ந்ததும் ஒரு கணம் மூச்சடைத்தது. சணல் தூசி தொண்டையைக் கமறியது.

மூன்றாவது நடையில் முதலாளி ஸ்ரீராம்குமாரே வந்து டீ கிளாஸை நீட்டினார். எட்டு வருஷத்தில் இல்லாத வழக்கம்.

"தவசி நம்ம பய. சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடு, காளை."

தவசி தன் வீட்டு வாசலில் வழுக்கி விழுந்ததாக முதலாளி நீட்டிய தாளில் எழுதியிருந்தது. பத்து நாளைக்கு முன் கிட்டங்கியில் அடுக்குச் சரிந்து மூட்டைகள் அவன் முதுகில் விழுந்தபோது, வெளியே இழுத்துப் போட்டவனே காளைதான்.

"நாளைக்குச் சொல்றேன் மொதலாளி."

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனான். கட்டிலில் கிடந்த தவசி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நம்மகூட மூட்டை தூக்குற மொக்கையனே கையெழுத்துப் போட்டுட்டானாம். நீயும் போட்டுட்டியாண்ணே?"

காளைக்குச் சுருக்கென்றது. நேரே டாக்டர் ஜஸீலாவைத் தேடிப் போனான்.

"வழுக்கி விழுந்தா தவசியோட தோள் எலும்பு உடையுமா டாக்டரம்மா?"

அவள் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தாள். "லேசுல உடையாதுண்ணே. இந்த முக்கோணப் பட்டை எலும்பு விலாவுக்குப் பின்னால சதைக்குள்ள பொதிஞ்சு கிடக்கு. கழுத்துக்குக் கீழ இருக்குற காறை எலும்பு ஒண்ணுதான் இதை எலும்புக்கூட்டோட கோக்குது. கையைத் தூக்குறப்ப இதுவும் கூடவே திரும்பும். அதான் அவரால தலை சீவ முடியல. இது உடையணும்னா முதுகுல பெருசா அடி விழுந்திருக்கணும்."

"எழுதித் தருவீங்களா?"

"பாத்ததை எழுதுறதுக்கு என்னண்ணே?"

மறுநாள் விடியலில் லாரியடியில் காளை மொக்கையனை மறித்தான்.

"மொதலாளி லீவுத் தாளுன்னாரு மாப்ள. படிக்கத் தெரியாதவன் நான்." என்றான் மொக்கையன். காளை தாளில் இருந்ததையும் டாக்டர் சொன்னதையும் சுற்றியிருந்த சுமைக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.

மொக்கையன் விறுவிறுவென்று முதலாளி முன் போய் நின்றான். "அந்தத் தாளைக் குடுங்க மொதலாளி. அது பொய்யி."

"மூட்டையை எடுங்கடா. இல்லன்னா நாளைக்கே வேற ஆளு வருவான்."

"வரட்டும்," என்றான் காளை. "அவனுக்கும் இதே முதுகுதான. அவன்கிட்டயும் சொல்லுவோம்."

பதினோரு பேரும் முண்டாசை அவிழ்த்துத் தோளில் போட்டார்கள். தவசிக்கு நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்குக் கிளம்பினார்கள்; அங்கே என்ன சொல்வார்களோ, ஒருவருக்கும் தெரியாது. முதல் பஸ் வந்ததும், "நீ முன்னால ஏறு மாப்ள," என்று மொக்கையனைக் கை பிடித்து ஏற்றிவிட்டான் காளை.