கொல்லைப்புறத்துக் குழி

கால் நகத்துக்குள் ஏறிய களிமண் போகவே மாட்டேன் என்றது. பியாட்ரிஸ் தேங்காய் நாரால் கணவரின் கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பவுல்சாமிக்கு உயிர் போனது விடியற்காலையில். இப்போது உச்சி வெயில். வெள்ளைச் சட்டை போட்டாகிவிட்டது, கல்யாணக் கோட்டு போட்டாகிவிட்டது, கையில் செபமாலையும் சுற்றியாகிவிட்டது. இந்தக் கால் மட்டும் இன்னும் கொல்லைப்புறத்துக் குழியிலேயே இருந்தது.

"விடும்மா. சாக்ஸ் போட்டுட்டா யாருக்குத் தெரியப் போகுது" என்றாள் மகள் மர்சலின்.

"எனக்குத் தெரியும்ல. இந்தச் சேத்தோட இவர அனுப்ப மாட்டேன்."

துக்கத்துக்கு வந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அழ வேண்டியவள் அழாமல், தெருவில் புரண்டுவிட்டு வந்த பிள்ளையைத் திட்டுவதுபோல் முணுமுணுத்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் ஆறுதல் சொல்ல வாய் வரும்? பியாட்ரிஸுக்கு முழங்கால் மடங்காது. கோயிலில் எல்லாரும் முழந்தாளிடும்போது அவள் ஒருத்தி மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள். இப்போதும் கட்டிலோரம் ஸ்டூல் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள். தேய்க்கத் தேய்க்க மண் குறைந்ததோ இல்லையோ, கோபம் ஏறியது.

ஏறாமல் என்ன செய்யும்? காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து, போன வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில், ஓய்வு பெற்ற மனுஷர். காலையில் பேப்பர் பார்த்து, மாலையில் சாந்தோம் கடற்கரையில் காற்று வாங்கி, பொழுதைத் தள்ள வேண்டியதுதானே? பாண்டி பஜாரில் கல் பதிக்கும் ஆசாரி ஒருவர் பட்டை தீட்டாத கல் ஒன்றைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அதோடு புத்தி கெட்டது. கடல் தண்ணீர் நிறம். எத்தனை சாயம் கலந்தும் தன் கைக்கு வராத நிறம் என்று வீட்டுக்கு வந்து பிதற்றினார். காங்கேயத்தைத் தாண்டி ஏதோ ஒரு பொட்டல் காட்டில் அது கிடைக்கிறதாம். காட்டுக்காரக் கவுண்டரிடம் குழிக்கு இவ்வளவு என்று பணம் கட்டினால் ஒரு வாரம் தோண்டிக்கொள்ளலாம். கிடைப்பது தோண்டியவனுக்கு. ஒன்றும் கிடைக்காவிட்டால் அது அவனவன் தலையெழுத்து.

அன்றிலிருந்து மாதக்கணக்காக, சாயங்காலம் ஆனால் முன்னறையில் திட்டம். கூடப் படித்த சிநேகிதர் வில்லியம் வந்துவிடுவார். தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவர். ரயில்வே கால அட்டவணையை விரித்துக்கொண்டு, ஈரோட்டுக்கு எந்த வண்டி, அங்கிருந்து எந்த பஸ், பஸ் போகாத இடத்துக்கு மாட்டு வண்டி யாரிடம் கேட்பது, குடிக்கத் தண்ணீர் எதில் கொண்டுபோவது என்று இரண்டு கிழவர்களும் மணிக்கணக்கில் பேசுவார்கள். "ரெண்டு பேருக்கு இது போதும்" என்று அடிக்கடி காதில் விழும். அடுக்களையில் பியாட்ரிஸ் பல்லைக் கடிப்பாள். இவரைக் கட்டிக்கொண்டு வந்த நாளாக வேளாங்கண்ணிக்கு அப்பால் ஓர் ஊர் பார்த்ததில்லை அவள். சிநேகிதனோடு என்றால் மட்டும் ஐயாவுக்குக் காலில் சக்கரம் முளைத்துவிடுகிறது.

நடுவில் நெஞ்சு வலி வந்தது. தண்ணீர் வாளிகூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். வீட்டிலிருந்த கடப்பாரையைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டுப் பியாட்ரிஸ் நிம்மதியாக இருந்தாள். அவரோ, தென்னம்பிள்ளை வைக்கப் போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் ஒரு பொய்யைச் சொல்லிக் கொல்லையில் குழி ஆரம்பித்தார். பழகிக்கொள்கிறாராம். எங்கிருந்தோ வேறு கடப்பாரை வந்தது. அவள் திட்டத் திட்ட, அவள் எழுந்திருக்கும் முன்பே தோண்டினார். தோண்டிய மண்ணைக் கட்டைவிரலால் நசுக்கி வெயிலில் பிடித்துப் பார்ப்பது வேறு. மந்தைவெளியில் செங்கல் துண்டைத் தவிர என்ன அகப்படப் போகிறது? இன்று காலை காபியோடு பின்பக்கம் போனவள், மார்பளவுக் குழிக்குள் ஒரு மண் திட்டின்மேல் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். தலை குழியின் சுவரில் சாய்ந்திருந்தது. இரண்டு தடவை கூப்பிட்டாள். அப்புறம் கூப்பிடவில்லை.

வீட்டுக்காரர் கோதண்டபாணி மாடியிலிருந்து இறங்கி வந்து வாசற்படியிலேயே நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வாத்தியார் எனக்கும் வேண்டியவர்தான். ஆனா குழிய அப்படியே தொறந்து போட்டுட்டு இங்கேர்ந்து எடுக்கக்கூடாது. அது இன்னொரு ஆளக் கேக்கும்னு எங்கள்ல ஒரு பயம். மூடிட்டு எடுத்துடுங்க."

"மூடிடலாம் சார். தோண்டறதுக்குத் தூபம் போட்ட ஆளு வருவாரு. அவரே மூடட்டும்."

சவப்பெட்டி வந்து இறங்கிய சற்று நேரத்தில் வில்லியமும் வந்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து மாலையைச் சுமந்து நடந்து வந்ததில் மூச்சு இழுத்தது. கட்டிலருகே போய்ப் பவுல்சாமியின் நெற்றியில் கை வைத்தார்.  பியாட்ரிஸ் நாரைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"கடப்பார எங்கேர்ந்துண்ணே வந்துச்சு?"

ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள்.

"நான்தான் குடுத்தேன் தங்கச்சி. ரொம்ப நாளா கேட்டான். மாட்டேன்னு இழுத்தடிச்சேன். அப்புறம் குடுத்துட்டேன்."

"நெஞ்சு வலி தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும்."

மழுப்பியிருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். இப்படி நேராக ஒப்புக்கொள்கிறவரை என்ன செய்வது? அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

"அப்ப போய் அந்தக் குழிய மூடுங்க. பெட்டிய நீங்க தொடக்கூடாது. தூக்கறதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க."

"அம்மா" என்றாள் மர்சலின். தலைமாட்டில் வில்லியம்தான் தோள் கொடுப்பார் என்று அங்கே எல்லாரும் நினைத்திருந்தார்கள். வில்லியம் மாலையை நாற்காலியில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கொல்லைக்குப் போனார்.

மண்வெட்டிச் சத்தம் கேட்டது. நாலு வெட்டுக்கு ஒரு இருமல். பியாட்ரிஸ் சாக்ஸை மாட்டிவிட்டாள். அந்த மண் போகாமலேயே மாட்டிவிட வேண்டியதாயிற்று. வெகுநேரம் கழித்துச் சத்தம் நின்றது. நின்றது நின்றதுதான். ஓய்வெடுக்கிறாரோ, பெரிய மனுஷர்? காலை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

வில்லியத்தின் வெள்ளைச் சட்டை முழுக்க மண். நெஞ்சு துருத்திபோல் ஏறி இறங்கியது. குழி முக்கால்வாசி நிரம்பியிருந்தது. வீட்டைப் பார்த்த பக்கம் மட்டும் மண் விழாமல் விட்டிருந்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"இந்தப் பக்கம் மட்டும் மனசு வரல தங்கச்சி."

அவள் எட்டிப் பார்த்தாள். களிமண்ணில் வெட்டிய படிகள். விளிம்பைத் தட்டி வழவழப்பாக்கி, வழுக்காமலிருக்க மேலே செங்கல் துண்டுகளைப் பதித்திருந்தது. காலையில் அவர் உட்கார்ந்திருந்த மண் திட்டு அதில் கடைசிப் படி. எல்லாம் மிகவும் தணிவான படிகள். சின்னக் குழந்தைகூட ஏறிவிடும்.

"ஆறடி ஆளு. இவனுக்கு எதுக்குப் படி?" வில்லியம் மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார். "இடிச்சு இடிச்சுத் திரும்பக் கட்டினான். உங்க அடுக்களப் படிய அளந்து பாத்து, அதுல பாதி ஒசரம் போதும்னான். நீ அதுல ஏறும்போது கதவுல கைய ஊனுவியாமே. அங்க காட்டுல ஊனறதுக்குக் கதவு இருக்காது, படியத்தான் தணிச்சு வெட்டணும், வெட்டிப் பழகணும்னான்."

பியாட்ரிஸ் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேருன்னு பேசிக்குவீங்களே."

"நானா? தூசு பட்டாலே இழுக்குது எனக்கு. சென்ட்ரலைத் தாண்ட மாட்டேன். உன்னையும் அவனையும்தான் சொன்னோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னாரா?"

"நீ கோவமா இருந்தே. கோவம் ஆறட்டும், சொல்லிக்கறேன்னான்."

"எனக்கு எப்பண்ணே கோவம் ஆறியிருக்கு?" அவள் குரல் மாடிவரை கேட்டிருக்கும். "வர்றேன்னு நான் சொன்னேனா? இந்தக் காலோட கல்லு பொறுக்க வர்றேன்னு யார்கிட்ட சொன்னேன்? கேக்கறதுக்கு வாய் இல்ல. படி வெட்டறதுக்கு மட்டும் கை இருந்துச்சா? போய்த் தொலைஞ்சாரே, இத யார்கிட்டப் போய்க் கேப்பேன் நான்?"

 பதில் சொல்ல வேண்டிய ஆள் தானல்ல என்று வில்லியத்துக்கும் தெரிந்திருந்தது. மறுபடி மண்வெட்டியை எடுத்தார்.

"வேணாம், வைங்க" என்றாள் பியாட்ரிஸ். "அதுக்குமேல மண்ணைப் போடாதீங்க. வீட்டுக்காரருக்கு நான் பதில் சொல்லிக்கறேன். மூஞ்சி கழுவிட்டு வாங்க. நேரமாச்சு. தலமாட்டுப் பக்கம் நில்லுங்க."

கல்லறைத் தோட்டத்தில் அடையாற்று முகத்துவாரக் காற்று சாமியாரின் அங்கியைப் படபடவென்று அடித்தது. ஜெபம் முடிந்து தீர்த்தம் தெளித்தார். வில்லியமும் மற்றவர்களும் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பெட்டியை இறக்கினார்கள். மர்சலின் தாயின் கையைப் பிடித்து விளிம்புக்கு அழைத்துப் போனாள்.

"ரொம்பக் கிட்ட வராதம்மா. ஓரம் சரிஞ்சிக்கினே கீது" என்றான் குழி வெட்டியவன்.

பியாட்ரிஸ் உள்ளே பார்த்தாள். நாலு பக்கமும் செங்குத்தாக இறங்கியது.

"படி வெட்டலியாப்பா?"

"இன்னாம்மா?"

"எறங்கறதுக்கு. படி இல்லியே."

கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவன் மர்சலினைப் பார்த்தான், பிறகு பியாட்ரிஸைப் பார்த்தான். "இதுக்கு இன்னாத்துக்கும்மா படி?" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

மர்சலின் ஒரு பிடி மண்ணை எடுத்துத் தாயின் கையில் வைத்தாள். பியாட்ரிஸ் அதைப் போடவில்லை. அதில் கட்டியாக இருந்ததைக் கட்டைவிரலால் நசுக்கி, சாய்ந்த வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பின்னால் கையில் மண்ணோடு நின்றவர்கள் காத்திருந்தார்கள்.